பொம்மை வீட்டுக் கூரையில் புகை

ஊர்வலம் பத்து மணிக்கு. அம்மா ஏழரைக்கே மடக்கு நாற்காலியும் தயிர்சாத டப்பாவுமாக வாசலில் நின்றாள். "கும்பகோணத்துல தேர் பாத்து வளந்தவடா நான். எப்பப் போனா எடம் கெடைக்கும்னு எனக்குத் தெரியாதா?" என்றாள். தெரிந்துதான் இருந்தது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோதே கடைத்தெருவின் இரண்டு பக்கமும் நாற்காலிகள் நிறைந்துவிட்டன. பாதி நாற்காலிகள் முதல் நாள் ராத்திரியே கொண்டுவந்து போட்டவை, ஆளே இல்லை. அவற்றை யாரும் நகர்த்தவில்லை என்பதைப் பார்த்து அம்மா அசந்துபோனாள். நம்மூர் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டால்கூட இவ்வளவு உத்தரவாதம் கிடையாது.

சிகாகோவுக்கு மேற்கே இருக்கும் சின்ன ஊர் எங்களுடையது. ஜூலை 4 சுதந்திர தின ஊர்வலத்தில் பெரிதாக மாற்றம் எதுவும் இருக்காது. முன்னால் கொடி, பின்னால் தீயணைப்பு வண்டிகள், அப்புறம் தேர்தலில் நிற்பவர்கள் கையசைத்தபடி, பல் மருத்துவமனை வண்டியிலிருந்து (ஆமாம், அவர்கள்தான்) மிட்டாய் வீச்சு. மூன்றாவது வருடமாகப் பார்க்கிறேன் என்பதால் போனை நோண்டிக்கொண்டிருந்தேன். அம்மா தோளில் தட்டினாள்.

"ஏண்டா, அந்த வீடு பத்திக்கிட்டு எரியுதா?"

ஒரு பிக்கப் டிரக் இழுத்துவந்த டிரெய்லரின் மேல் பேத்திகள் வைத்து விளையாடும் மர பொம்மை வீடு ஒன்று இருந்தது. அதன் கூரை ஓரத்து மழைநீர்க் குழாயிலிருந்து வெள்ளைப் புகை குபுகுபுவென்று வந்துகொண்டிருந்தது. வீட்டுக்குப் பக்கத்தில், தூண் வார்க்கும்போது கான்கிரீட் ஊற்றுவார்களே அந்தப் பெரிய அட்டை உருளை, சாம்பல் பெயின்ட் அடித்துப் படுக்கவைத்திருந்தது. உருளைக்குள் சக்கரம் வைத்த கேமரா. கேமரா பார்ப்பதையெல்லாம் மேலே கட்டியிருந்த டிவி காட்டியது: வட்டமான இருட்டு, அதன் முனையில் வெளிச்சம், வெளிச்சத்துக்குள் எட்டிப் பார்க்கும் ஒரு பையனின் மூக்கு. தெருவே சிரித்தது. வண்டியில் எழுபதைத் தாண்டிய ஐந்தாறு பேர். தலையில் படைவீரர் சங்கத் தொப்பி, உடம்பில் நகராட்சியின் ஆரஞ்சுச் சட்டை. வண்டியின் பக்கவாட்டில் பெரிய எழுத்தில் எழுதியிருந்ததைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'உங்கள் சாக்கடையை நாங்கள் பார்த்துவிட்டோம். கவலைப்படாதீர்கள்.'

அம்மாவுக்கு மொழிபெயர்த்தேன். "சாக்கடைக்கா சப்பரம்!" என்றாள். அதில் கேலி எவ்வளவு, ஆச்சரியம் எவ்வளவு என்று எனக்குப் பிடிபடவில்லை.

இந்த இடத்தில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். என் பிழைப்பும் அதுதான். ஒரு பொறியியல் நிறுவனத்தில் உட்கார்ந்து, பாதாளச் சாக்கடைக் குழாய்களுக்குள் கேமரா எடுத்த வீடியோக்களைப் பார்த்து, எங்கே என்ன பழுது என்று குறிக்கும் வேலை. ஊரில் அம்மா சொந்தக்காரர்களிடம் "வாட்டர் டிபார்ட்மென்ட்டுல இருக்கான்" என்றுதான் சொல்லி வைத்திருக்கிறாள். பொய் என்று சொல்ல முடியாது.

அந்த வேலையில் குழாயைக் கடிகார முகமாக நினைத்துக்கொள்ள வேண்டும். உச்சி 12 மணி, அடி 6 மணி. 'மேன்ஹோலிலிருந்து 43 அடியில், 2 மணிக்கும் 4 மணிக்கும் நடுவே விரிசல்' என்று எழுதினால், நாட்டின் எந்த மூலையில் இருக்கும் ஒப்பந்தக்காரருக்கும் புரியும். நிலத்தடி நீர் குழாய்க்குள் வருவதற்கே படிப்படியாகப் பெயர்கள் உண்டு: கறை, கசிவு, சொட்டு, ஓட்டம், கடைசியில் பீறிடல். மரவேர்களுக்குத் தனி வரிசை. ஒரு இணைப்பில் மயிரிழைபோல நுழையும் வேர், சில வருடங்களில் நரி வாலைப்போல் அடர்ந்து குழாயை மறித்துவிடும். எட்டு மணி நேரம் இதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனால், வாசலில் நிற்கும் மேப்பிள் மரத்தைச் சந்தேகமில்லாமல் பார்க்க முடியாது.

பொம்மை வீட்டுப் புகை என்னவென்று எனக்குப் பார்த்தவுடனே தெரிந்தது. சாக்கடைக் குழாயில் ஊதுவிசிறி வைத்துத் தீங்கில்லாத புகையை அடிப்பார்கள். குழாயில் ஓட்டை இருந்தால் மண்ணிலிருந்து புகை கிளம்பும். ஒரு வீட்டுக் கூரையின் மழைநீர்க் குழாயிலிருந்து கிளம்பினால், அந்த வீட்டுக்காரர் மழைத்தண்ணீரைத் திருட்டுத்தனமாகச் சாக்கடையில் விட்டிருக்கிறார் என்று அர்த்தம். பெருமழையில் ஆயிரம் வீட்டுக் கூரைத் தண்ணீர் சாக்கடையில் சேர்ந்தால், பள்ளத்தில் இருக்கும் யாரோ ஒருவர் வீட்டு நிலவறையில் அது மேலே வரும். சோதனைக்கு முன்பு வீடு வீடாகக் கடிதம் போடுவார்கள்: 'புகை வரும், பயப்படாதீர்கள், பயன்படுத்தாத வடிகால்களில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றி வையுங்கள்.' கடிதத்தை யாரும் படிப்பதில்லை. தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போகும்.

அன்றைக்கும் அதேதான் நடந்தது. காற்று திரும்பியது, புகை இயந்திரத்தின் குமிழ் எங்கோ மாட்டிக்கொண்டது. புகை மொத்தமும் பின்னால் வந்த பள்ளி பேண்டின் மேல். டிராம்போன் வரிசை முழுக்க மறைந்துபோய், பாட்டு மட்டும் புகைக்குள்ளிருந்து வந்தது. கூட்டத்தில் யாரோ அவசர எண்ணுக்கு அடித்தார்களாம். தீயணைப்பு வண்டி இருநூறு அடி முன்னால் ஊர்வலத்திலேயே போய்க்கொண்டிருந்தது.

சாக்கடைச் சோதனையைத் திருவிழா ஆக்குவது சிகாகோக்காரர்களுக்குப் புதிதில்லை. மார்ச் மாதம் அயர்லாந்துக்காரர்களின் செயின்ட் பேட்ரிக் திருநாள் ஊர்வலத்தன்று சிகாகோ ஆறு மரகதப் பச்சையாக மாறும். கரையெல்லாம் கூட்டம். அந்தப் பச்சை எங்கிருந்து வந்தது? ஆற்றங்கரைக் கட்டடங்களில் யார் கழிவை ஆற்றில் விடுகிறார்கள் என்று கண்டுபிடிக்க, அவர்கள் குழாயில் சாயத்தை ஊற்றி, ஆற்றில் எங்கே பச்சை தெரிகிறது என்று பார்ப்பார்கள். 1961-இல் பிளம்பர் சங்கத்தின் நிர்வாகி ஸ்டீபன் பெய்லி, அந்த வேலை செய்துவிட்டு வந்த ஒருவரின் உடுப்பில் படிந்திருந்த பச்சையைப் பார்த்தார். பச்சை அயர்லாந்தின் நிறம், ஐரிஷ்காரருக்கு அது போதாதா? 1962-இல் 100 பவுண்டு சாயத்தை ஆற்றிலேயே கொட்டினார்கள். ஒரு வாரம் பச்சை போகவில்லை. பிறகு அளவைக் குறைத்தார்கள், எண்ணெய் சார்ந்த பழைய சாயத்தை விட்டுவிட்டுத் தாவரப் பொருளுக்கு மாறினார்கள். இப்போது ஆற்றில் தூவும் பொடி ஆரஞ்சு நிறத்தில் இருக்கும், தண்ணீர் பட்டதும் பச்சையாகும். வேடிக்கை பார்க்கிற லட்சம் பேரில் எத்தனை பேருக்குத் தெரியும், தாங்கள் படம் எடுப்பது ஒரு சாக்கடைச் சோதனையை என்று?

ஊர்வலம் முடிந்து எல்லா வண்டிகளும் பூங்காவில் நின்றன. அம்மா நேராக அந்த டிரெய்லரிடம் போனாள். நான் பின்னாலேயே ஓடினேன். வண்டியின் பெரியவர் (சங்கத்தில் எல்லாரும் அவரைத்தான் கை காட்டினார்கள்) பொம்மை வீட்டைத் திறந்து புகை இயந்திரத்தைத் திட்டிக்கொண்டிருந்தார். நான் இன்ன வேலை செய்கிறேன் என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. முப்பது வருடம் நகராட்சிச் சாக்கடைப் பிரிவில் இருந்தவராம். அதற்கு முன்னால் வியட்நாம்.

"இவரக் கேளுடா," என்றாள் அம்மா. "உள்ள யாரு எறங்குவா?"

கேட்டேன். அவர் கேள்வியைச் சரியாகப் புரிந்துகொண்டார் என்று நினைக்கிறேன். கேமரா வந்த பிறகு பெரும்பாலும் யாரும் இறங்குவதில்லை, இறங்கியே ஆக வேண்டும் என்றால் முதலில் இது இறங்கும் என்று இடுப்புப் பையிலிருந்து ஒரு மீட்டரை எடுத்துக் காட்டினார். காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம் இருக்க வேண்டும். 19.5-க்குக் கீழே போனால் மீட்டர் கத்தும். அழுகிய முட்டை நாற்றம் வருகிறதே ஹைட்ரஜன் சல்பைடு, அது கொஞ்சமாக இருக்கும்போதுதான் நாறும். அதிகமானால் மூக்கு செத்துவிடும், நாற்றம் போய்விட்டது என்று ஆள் நிம்மதியாக இன்னும் கீழே இறங்குவான். அதனால் மூக்கை நம்பக் கூடாது. மேலே முக்காலி, கயிறு, சுழற்றும் சக்கரம், இறங்குபவர் உடம்பில் பட்டை. மேலே நிற்பவருக்கு ஒரே சட்டம்: கீழே நண்பன் மயங்கி விழுந்தாலும் நீ குதிக்காதே. இந்த நாட்டில் இதெல்லாம் 1993-இல்தான் முறையான விதியாக வந்தது. அதற்கு முன்பு செய்யப்பட்ட ஆய்வொன்றில், இப்படி அடைபட்ட இடங்களில் செத்தவர்களில் 60 சதவீதத்துக்கு மேல், காப்பாற்றப் போனவர்கள்.

நான் ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லச் சொல்ல அம்மா தலையாட்டிக்கொண்டே இருந்தாள். பெரியவர் ஒரு கோப்பையில் எலுமிச்சை ஜூஸ் ஊற்றி நீட்டினார். ஆரஞ்சுச் சட்டைக் கை. அம்மா வாங்கிக் குடித்தாள்.

முன்னாள் சிப்பாய்கள் எதற்குச் சாக்கடையைக் கொண்டாட வேண்டும் என்று எனக்கு அதுவரை ஒரு குழப்பம் இருந்தது. டாங்கியோ விமானமோ செய்திருக்கலாமே? விளையாட்டுத்தனம் ஒரு காரணம். முதல் உலகப் போரிலிருந்து திரும்பியவர்கள், பிரான்சில் தங்களை அடைத்துக்கொண்டுபோன '40 ஆட்கள் அல்லது 8 குதிரைகள்' ரயில் பெட்டியின் பெயரிலேயே 1920-இல் ஒரு கழகம் வைத்து, லாரியை ரயில் எஞ்சின்போல மாற்றி ஊர்வலங்களில் ஓட்டினார்கள். பட்ட அவஸ்தையை வண்டி கட்டிச் சிரிப்பது இவர்களுக்குப் பழக்கம். ஆனால் பெரியவர் சொன்ன காரணம் வேறு. வியட்நாம் முகாம்களில் கழிப்பிடத்துக்கு அடியில் பாதியாக வெட்டிய எண்ணெய் பீப்பாய் இருக்கும். தினமும் அதை வெளியே இழுத்து, டீசல் ஊற்றி, கம்பால் கிளறிக் கிளறி எரிக்க வேண்டும். புதிதாக வந்தவன், சார்ஜென்ட்டின் கோபத்துக்கு ஆளானவன், இவர்கள் தலையில்தான் விழும். அவர் தலையில் நிறைய நாள் விழுந்ததாம். "ஊருக்குத் திரும்பி நகராட்சியில் சேர்ந்தபோது, தண்ணீரே இழுத்துக்கொண்டு போகிறது என்பதைப் பார்த்து எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை" என்றார்.

அவர் சொன்ன பிறகுதான் எப்போதோ படித்த ஒன்று ஞாபகம் வந்தது. 1898, ஸ்பெயினோடு அமெரிக்கா போட்ட போர். சண்டையில் செத்த சிப்பாய்களைவிட நோயில் செத்தவர்கள் பல மடங்கு. பெரும்பாலும் டைபாய்டு, அதுவும் கடல் கடக்காமல் உள்நாட்டு முகாம்களிலேயே. விசாரிக்கப் போன ராணுவ மருத்துவர் வால்டர் ரீட் குழு கண்டதில் ஒரு காட்சி: கழிப்பிடக் குழிகளில் சுண்ணாம்பு தூவியிருந்தார்கள். சாப்பாட்டுக் கூடாரத்தில் உணவின் மேல் நடந்த ஈக்களின் கால்கள் வெள்ளையாக இருந்தன. சாயம் ஊற்றிப் பார்க்கும் நம் சோதனைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? இங்கே சாயத்தைச் சுமந்துபோனது ஈ.

வண்டியின் மறுபக்கம் ஊர்ச் சரித்திரம் எழுதிய தட்டி இருந்தது. அதில்தான் எனக்கும் பெரியவருக்கும் சின்னச் சண்டை. '1885 பெருமழையில் சாக்கடை ஏரிக்குள் போய் 90,000 பேர் காலராவில் இறந்தார்கள்' என்று இருந்தது. சிகாகோவில் படகுச் சுற்றுலா வழிகாட்டிகள் வரை எல்லாரும் சொல்கிற கதை. அப்படி ஒன்று நடக்கவே இல்லை. 1885 ஆகஸ்டில் பெருமழை பெய்தது உண்மை, மிச்சிகன் ஏரியில் குடிநீர் எடுக்கும் இடத்துக்குச் சாக்கடை போய்விடுமோ என்று ஊர் நடுங்கியது உண்மை. சாவுதான் கட்டுக்கதை. நிஜமான சாவு வேண்டுமென்றால் 1854-க்குப் போகலாம், அந்த வருடக் காலராவில் ஊரில் ஆயிரம் பேருக்கு மேல் போனார்கள். இதைச் சொன்னேன். பெரியவர் தட்டியை ஒருமுறை பார்த்தார். "பெயின்ட் காய்ந்துவிட்டதே" என்றார்.

உண்மைக் கதையே கட்டுக்கதையைத் தூக்கிச் சாப்பிடும். 1855-இல் பாஸ்டனிலிருந்து எல்லிஸ் செஸ்பரோ என்ற பொறியாளரை வரவழைத்தார்கள். ஊர் ஏரி மட்டத்தை ஒட்டிய தட்டைச் சேறு. குழாயைப் புதைத்தால் சாய்வு கிடைக்காது, தண்ணீர் ஓடாது. மனிதர் குழாய்களைத் தெருவின் மேலேயே போட்டு, மண்ணைக் கொட்டித் தெருவை உயர்த்தச் சொன்னார். தெரு உயர்ந்தால் கட்டடம்? அதையும் தூக்கு. 1860-இல் லேக் தெருவில் ஒரு வரிசைச் செங்கல் கட்டடங்களை அப்படியே, 6,000 திருகு ஜாக்கிகள், 600 ஆட்கள், விசில் அடிக்க அடிக்க ஒரே நேரத்தில் ஒரு திருகு, ஐந்து நாளில் 4 அடி 8 அங்குலம் தூக்கினார்கள். கீழே கடைகளில் வியாபாரம் நடந்தது. அதோடு சாக்கடை ஆற்றில், ஆறு ஏரியில், ஏரித் தண்ணீர்தான் குடிக்க. அந்தச் சிக்கலுக்கு 1900 ஜனவரியில் 28 மைல் கால்வாய் வெட்டி ஆற்றையே திருப்பிவிட்டார்கள். திருப்பிவிட்ட தண்ணீர் போய்ச் சேரும் பக்கத்தில் இருந்த செயின்ட் லூயிஸ்காரர்கள் சும்மா இருப்பார்களா? மிசூரி மாநிலம் உச்ச நீதிமன்றத்துக்குப் போய் 1906-இல் தோற்றது.

பார்ப்பது பற்றி வாய் கிழியப் பேசுகிறேன், பார்த்தும் பிரயோஜனப்படாத ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். சிகாகோ நடுநகரத்துக்கு அடியில் 40 அடி ஆழத்தில் பழைய சரக்குச் சுரங்கங்கள் உண்டு. 1991-இல் கின்ஸி தெருப் பாலத்துக்கருகே ஆற்றில் மரத்தூண்கள் இறக்கியபோது, சுரங்கச் சுவர் விரிசல் விட்டது. யாருக்கும் தெரியாது. 1992 ஜனவரியில் கேபிள் டிவி வேலைக்காக உள்ளே போனவர்கள் சேறு வழிவதைக் கண்டு வீடியோ எடுத்தார்கள். செய்தி நகராட்சிக்குப் போனது. சரிசெய்ய ஏறத்தாழ 10,000 டாலர் ஆகும் என்ற கணக்கு, அதற்கு விலைப்புள்ளி, அதன் பிறகு இன்னொரு விலைப்புள்ளி. ஏப்ரல் 13 காலையில் ஆற்றுத் தண்ணீர் சுரங்கத்துக்குள் இறங்கிவிட்டது. கட்டடங்களின் நிலவறைகளில் மீன் நீந்தியது. மின்சாரத்தை நிறுத்தி நடுநகரத்தையே காலி செய்தார்கள். ஓட்டையை அடைக்கக் கல், சிமென்ட்டோடு பழைய மெத்தைகளைக்கூடப் போட்டுப் பார்த்தார்கள். நஷ்டம் சுமார் நூறு கோடி டாலர் என்பார்கள். நான் ஒரு வீடியோவில் 'பீறிடல்' என்று குறித்து அனுப்பி மூன்று மாதம் பதில் வராதபோதெல்லாம் அந்த மெத்தைகள் நினைவுக்கு வரும்.

காரில் திரும்பும்போது அம்மா ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னாள்: "நீ அஞ்சாங்கிளாஸ் படிக்கறப்ப நம்ம சந்துல அடைச்சுக்கும், ஞாபகம் இருக்கா? ஒருத்தர் வருவாரு. இடுப்புல ஒரு துண்டு. அவ்வளவுதான். மூங்கில் குச்சியோட அப்படியே எறங்கிடுவாரு."

ஞாபகம் இருந்தது. கொல்லைப்புற மாடத்தில் ஒரு அலுமினியத் தம்ளர் கவிழ்த்து வைத்திருக்கும். அவர் வேலை முடித்து வந்தால் அந்தத் தம்ளரை அவரே எடுத்துக்கொள்வார், அம்மா கைபடாமல் மேலேயிருந்து காபி ஊற்றுவாள். அந்தத் தம்ளரை நாங்கள் தொடக் கூடாது.

"அவரு பேரு என்னம்மா?"

"கேட்டதில்லடா."

இந்தியாவில் 2013-இல் சட்டம் வந்தது, மனிதரைக் கருவியும் காப்பும் இல்லாமல் இறக்கக் கூடாது என்று. 2014-இல் உச்ச நீதிமன்றம், சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்றது. 2023-இல் அதையே 30 லட்சமாக்கியது. திருவனந்தபுரத்து இளைஞர்கள் செய்த ரோபோ ஒன்று கும்பகோணத்துக்கே வந்து மேன்ஹோலில் இறங்கியது. அதற்கு 'பாண்டிகூட்' என்று பேர், அதாவது நம்ம பெருச்சாளி. செத்தவர்களின் செய்தியும் வந்துகொண்டுதான் இருக்கிறது. அம்மா தினசரி படிப்பவள், நான் சொல்ல வேண்டியதில்லை. காரில் அதற்குப் பிறகு ரேடியோதான் ஓடியது.

வண்டிக்காரர்கள் குழந்தைகளுக்கு மிட்டாய் வீசினார்கள், பெரியவர்களுக்குச் சின்னக் காகித உறை ஒன்று கையில் கொடுத்தார்கள். உள்ளே இரண்டு சாய மாத்திரை. கழிப்பறைத் தொட்டியில் போட்டுவிட்டு, ஃபிளஷ் பண்ணாமல் காத்திருக்க வேண்டும். கீழே பீங்கானில் நிறம் இறங்கினால் அடைப்பான் கசிகிறது என்று பொருள். அம்மா பூங்காவில் சுற்றி வந்து எட்டு உறை சேர்த்திருந்தாள்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு என் அறைக் கதவைத் தட்டினாள்.

"எந்திரிச்சு வந்து பாரு. ஊரு சாக்கடையெல்லாம் பாக்கறவன் வீட்டு லட்சணத்த."

பாத்ரூமில் பீங்கான் முழுக்கப் பச்சை. சிகாகோ ஆறு கெட்டது. இரண்டு வருடமாகத் தண்ணீர் பில்லைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். கடைக்குப் போய் ரப்பர் அடைப்பான் வாங்கி வந்து மாட்டினேன், பத்து நிமிஷ வேலை. மீதி ஏழு உறையையும் அம்மா ஊருக்குக் கட்டும் பெட்டியில், பாதாம் பாக்கெட்டுக்கும் பேரனின் பழைய சட்டைகளுக்கும் நடுவில் செருகி வைத்திருந்தாள். யாருக்கு என்று கேட்டேன். சந்தில் ஏழு வீடு இருக்கிறது என்றாள்.